யாரும் பறிக்காத கத்தரிக்காய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தையின் மாடிப்படி ஏறும்போதே என் தோழியின் குரல் கேட்டுவிடும். "வாங்க தோழரே, புரட்சி எந்த ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்கு?" தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, துணி மூட்டைகளை நகர்த்தி, அவளுடைய முக்காலியில் உட்காருவேன். வாரத்தில் என்னை ஒரு ஆள் கேலி செய்வது அன்றைக்கு மட்டும்தான். அதற்காகவே நான் குடியிருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயில் ஏறி வருகிறேன் என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் ரவிக்கை தைக்கும் கடை வைத்தாள். நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் கணவர் இறந்து பல காலமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அரசு கட்டிய வீவக அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு வீட்டில் ஆளுக்கொரு தொலைக்காட்சியோடு இருக்கிறோம்.

முதலாளித்துவம் போய்ப் பொதுவுடைமைச் சமுதாயம் வரவேண்டும் என்று நம்புகிறவள் நான். இந்த ஊரில் இதைச் சொன்னால் பயப்படுகிறவர்கள்கூட இப்போது இல்லை. "ஓ, அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் கைபேசியைப் பார்ப்பார்கள். புத்தகம் படித்து வந்த நம்பிக்கை இல்லை இது. வேலையில் வந்தது. தீவின் மறுமூலையான தெம்பனிஸில் இருக்கும் அலுவலகத்தில் என் மேசைக்கு வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் படித்து, தரலாமா கூடாதா என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. காப்புறுதி என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத பல பேர் ஆளுக்குக் கொஞ்சம் ஒரே பானையில் போட்டு வைக்கிறார்கள். அவர்களில் யார் விழுகிறாரோ அவர் எடுத்துக்கொள்கிறார். இதைவிட நல்ல யோசனை மனிதருக்குத் தோன்றியிருக்குமா? ஆனால் பானைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, மிச்சமெல்லாம் எனக்கு என்கிறார். மிச்சம் வரவேண்டுமென்றால், விழுந்தவரிடம் இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இதைச் சொன்னால் என் தோழி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

"இல்லைன்னு சொல்றதுக்குச் சம்பளத்தையும் வாங்கிட்டு, இங்க வந்து புரட்சியும் பேசுறியாடி. நான் யாருகிட்டயும் கை நீட்டாம நிக்கிறேன்னா அது இந்தக் கடையாலதான். உன் சமுதாயத்துல எனக்கு என்ன வேணும்னு எவனோ ஒரு ஆபீசர் உக்காந்து முடிவு பண்ணுவான். அதெல்லாம் வேணாம்லா."

அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கணவர் போன புதிதில் உறவுக்காரர்களிடம் உதவி கேட்டு, அவர்கள் பேசிய பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தவள் அவள். அன்றைக்குக் கொண்ட வைராக்கியம் இன்னும் கலையவில்லை. அதனால் நான் கீழே போய் இரண்டு தே வாங்கி வருவேன், இங்கே தேநீருக்கு அப்படித்தான் பெயர். சண்டை அடுத்த ஞாயிறு தொடரும்.

வாயால் பேசிப் பேசி அலுத்துப்போயிருந்த காலத்தில்தான் அந்தத் தோட்டம் வந்தது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் ஒரு புல்தரை சும்மா கிடந்தது. குடியிருப்பாளர்கள் அங்கே காய்கறி போடலாம் என்று வட்டாரத்தைக் கவனிக்கும் பேட்டைக் குழுவில் சொன்னார்கள். மற்ற இடங்களில் எப்படி என்று எனக்குத் தெரியும். எண் போட்ட பாத்திகள், பாத்திக்கு ஒரு பெயர், சில இடங்களில் வேலிக்குப் பூட்டு. கூட்டத்தில் நான் எழுந்தேன். எண் வேண்டாம், பெயர் வேண்டாம், பூட்டும் வேண்டாம், முழுத் தோட்டமும் எல்லாருக்கும் என்று இருக்கட்டும், முடிந்தவர்கள் வேலை செய்யட்டும், யார் வேண்டுமானாலும் பறிக்கட்டும் என்றேன். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர், சாதுவான மனிதர். என் வேகத்தைப் பார்த்து மிரண்டாரோ என்னவோ, ஆண்டுக் கடைசி வரை அப்படியே நடத்திப் பார்க்கலாம் என்றார். அன்று லிஃப்டில் மேலே போகும்போது எனக்கு அழுகை வந்தது. இத்தனை வயதுக்கு மேல், நான் சொன்னது ஒன்று நடக்கப்போகிறது.

இங்குள்ள நான்கு ஆட்சிமொழியிலும் பலகை எழுதி வைத்தோம். எதிர் புளோக்கு மலாய் மக்சிக் கத்தரி நாற்றும் எலுமிச்சை வாசம் வீசும் செரைப் புல்லும் கொண்டுவந்தார். மக்சிக் என்றால் இங்கே அத்தை மாதிரி, பெயர் கேட்க வேண்டிய அவசியமே இராது. என் மாடியிலேயே இருக்கும் சீனப் பெரியவர் மூங்கில் கட்டிப் பயற்றங்கொடியை ஏற்றினார். முன்பு யாரோ நட்டு ஆளுயரம் வளர்ந்திருந்த கறிவேப்பிலை மரம் ஒன்றும் எங்கள் வேலிக்குள் வந்து சேர்ந்தது. இன்னும் பலர் வருவார்கள், போவார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் என் வாழ்க்கையில் அப்போதுதான் முதல்முறையாக வந்தது. தீவின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்து, உடை மாற்றாமல் தோட்டத்தில் இறங்குவேன்.

கத்தரி காய்த்தது. வெண்டை காய்த்தது. பயற்றங்காய் முழ நீளத்துக்குத் தொங்கியது. எல்லாரும் வந்து நின்று பார்த்தோம், கைபேசியில் படம் எடுத்தோம். பிறகு கத்தரி பளபளப்பு போய் மஞ்சளாக ஆரம்பித்தது. வெண்டை முற்றிக் கட்டையாயிற்று. பயற்றங்காய் கொடியிலேயே காய்ந்தது. ஒருவரும் பறிக்கவில்லை.

குழுத் தலைவர் ஒரு மாலை என் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாருக்கும் சொந்தம் என்றால் ஒருவருக்கும் அக்கறை இருக்காது என்று அவர் தன் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அக்கம்பக்கத்தார்மேல். இந்த மனிதர்களுக்காகவா இத்தனை காலம் மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன் என்று ஆத்திரம் வந்தது. முற்றிய கத்தரிக்காய்களை எடுத்து வீசலாம் என்று குனிந்தேன். மண் ஈரமாக இருந்தது. ஒரு களை இல்லை. சாய்ந்த செடி ஒன்றுக்குப் புதுக் குச்சி நட்டு, பழைய துணிக் கிழிசலால் பதமாகக் கட்டியிருந்தார்கள். அக்கறை இல்லாதவர்கள் இதையெல்லாம் செய்வார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த ஞாயிறு தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். தோட்டத்துக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். என் தோழி பாதி கேட்டும் பாதி கேளாமலும் என் பையைக் குடைந்துகொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கொத்தை வெளியே இழுத்தாள்.

"இது என்னடி?"

"கறிவேப்பிலை."

"தெரியுது. உங்க தோட்டத்துல ஒரு மரமே நிக்குதுன்னியே?"

நான் கொத்தை வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

"வேலி போடறதுக்கு முன்னாடி, அந்த மரத்துல பறிச்சியா?"

பறித்திருக்கிறேன். போகிற போக்கில் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போயிருக்கிறேன். தோட்டமான பிறகுதான் நிறுத்தினேன். பொதுப்பொருளில் நான் முதலில் கை வைத்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேனா, நான் ஒருத்திதானே, எனக்கு எதற்கு என்று நினைத்தேனா, தெரியவில்லை. யோசித்துக்கூடச் செய்யவில்லை. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது அவள் கண் அடிக்கடி நீர் கட்டுவதைக் கவனித்தேன். சிரிப்பால் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் மாலை மக்சிக்கிடம் நேராகவே கேட்டேன், ஏன் பறிக்கவில்லை என்று. எங்களுக்குள் பேச்சு உடைந்த மலாயில் நடக்கும். "எங்க வீட்ல பிள்ளைங்க சம்பாதிக்கிறாங்க. உங்க மாடிப் பெரியவரைப் பார்க்க யாருமே வர்றதில்ல. அவர் எடுத்துக்கட்டும்னு விட்டேன்" என்றார் மக்சிக். பெரியவரிடம் போனேன். அவர் கொடியைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு சொன்னார்: "நீங்க தனியா இருக்கீங்க. வேலை முடிஞ்சு களைச்சு வர்றீங்க. கடைக்குப் போக நேரம் இருக்காது. உங்களுக்குன்னுதான் விட்டு வெச்சேன்."

அன்று வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கவனிப்பதில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கவனித்துத்தான் இருக்கிறார்கள். பாவம் தனியாக இருக்கிறாள் என்று எனக்காகக் காய்களை முற்றவிட்டிருக்கிறார்கள். அது இதமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. அவமானம்தான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுக் கடைசிக் கூட்டம் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. நான் எழுந்து பேசினேன். இங்கே ஒருவரும் திருடவில்லை, ஒருவரும் சோம்பியிருக்கவில்லை, எல்லாரும் உழைத்தோம், எடுக்க மட்டும்தான் தெரியவில்லை, அதைப் பழகிக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் கொடுங்கள் என்றேன். மரியாதையாகக் கேட்டார்கள். பெரியவர் எழுந்து, தன் பாத்தி என்று இருந்தால் பறிக்கக் கூச்சமாக இருக்காது என்று ஒரே வாக்கியம் சொன்னார். எல்லாருடைய முகமும் தெளிந்ததை நான் பார்த்தேன். இப்படியே தொடரலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கினேன். மக்சிக் பாதி தூக்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிக்கொண்டார்.

பாத்திகளுக்கு எண் போட்டார்கள். எனக்குச் சாக்கடையோரம் கிடைத்தது. அதன் பிறகு ஒரு காய் வீணாகவில்லை. அவரவர் பாத்தியில் அவரவர் குனிந்து பறித்தார்கள், மிஞ்சியதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அடுத்தவர் வீட்டுக் கம்பிக் கதவில் மாட்டினார்கள். என் கதவிலும் பயற்றங்காய் தொங்கும். யார் மாட்டியது என்று தெரியாது, மணி அடிக்க மாட்டார்கள். நானும் என் கத்தரிக்காயைக் கொண்டுபோய் மணி அடிக்காமல் மாட்டிவிட்டு வருவேன். கொடுக்க எல்லாருக்கும் ஆசையாக இருந்தது. ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்சம் கறிவேப்பிலை வேண்டும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இந்தக் கதையை என் தோழியிடம் சொன்னால், "பாத்தியா, சொந்தம்னு வந்ததும்தான் உங்க ஆளுங்க சாப்பிட்டாங்க" என்று ஒரு பிடி பிடிப்பாள் என்று தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அந்த ஞாயிறு வர வேண்டாம் என்று செய்தி அனுப்பினாள். ஆர்டர் நிறைய, பேச நேரமில்லை என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மடித்தேன். அதற்கு அடுத்த ஞாயிறு சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

ரயில் நிலையத்துக்கு வெளியே வழக்கம்போல் கட்டட வேலைக்குக் கடல் கடந்து வந்த ஊர்ப் பையன்கள் கூட்டம் கூட்டமாகப் புல்லில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்த ரயில்பாதைக்கு மண் தோண்டியவர்களில் அவர்களைப் போன்றவர்கள் இருந்திருப்பார்கள். பாதை இருக்கிறது, தோண்டியவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இதைப் பற்றியும் நானும் அவளும் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். அன்று அந்தச் சண்டையாவது கிடைக்காதா என்று இருந்தது.

கடை திறந்திருந்தது. இயந்திரம் ஓடவில்லை. அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது?"

"கண்புரை. ஒரு கண்ணுல எடுத்தாச்சு. இன்னொண்ணு இருக்கு. ஒண்ணுமில்லலா, காலையில போனா மத்தியானம் அனுப்பிடுறாங்க."

"ஆபரேஷனுக்குக் கூட ஒரு ஆள் வரணும்னு சொல்லியிருப்பாங்களே?"

"வந்துச்சே. ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றதுக்குன்னே ஆள் அனுப்புற கம்பெனி இருக்கு. போன்ல புக் பண்ணா போதும். ஒரு பொண்ணு வந்துச்சு. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், திரும்ப வீட்டு வாசல்ல கொண்டுவந்து விட்டுச்சு. ரொம்ப மரியாதையான பொண்ணு."

"வாசல்ல விட்டுட்டுப் போயிடுச்சா?"

"பின்ன? உள்ள வந்து சமைச்சா போடும்? அதுக்கு நான் புக் பண்ணலையே."

"அன்னிக்கு என்ன சாப்பிட்டே?"

அவள் கத்தரிக்கோலை எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தாள். "பிஸ்கட் இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் பேச்சு நின்றது. என்னிடம் ஏன் சொல்லவில்லை, நான் செத்தா போய்விட்டேன் என்று கத்தினேன்.

"உனக்கு வேலை இருக்கு, லீவு போடணும். எதுக்குத் தொந்தரவு? காசு குடுத்தோமா, முடிஞ்சுதா, யாருக்கும் நன்றி சொல்லிட்டுத் திரிய வேணாம். நீ என்ன என்னைக் கேக்கறது? உனக்கு டெங்கு வந்தப்ப நீ சொன்னியா? போன்லயே கஞ்சி ஆர்டர் பண்ணி, கதவுக்கு வெளிய வெச்சுட்டுப் போகச் சொன்னவதானே நீ? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகுதானே எனக்கே தெரியும். வந்துட்டா பெரிய பொதுவுடைமைக்காரி!"

ஒரு வாடிக்கையாளர் ரவிக்கை கேட்டு வந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். தே வாங்கிக் கொடுக்கவில்லை.

ரயிலில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். முதலாளித்துவம் நம்மைப் பேராசைக்காரர்கள் ஆக்கிவிட்டது என்று நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் பேராசையைத் தேடினாலும் கிடைக்காது. இன்னொருவர் தயவு இல்லாமல் வாழலாம் என்பதைத்தான் அது நமக்கு விற்கிறது. கஞ்சியாக விற்கிறது, கையைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்ணாக விற்கிறது. நாம் ஆசையோடு வாங்குகிறோம், ஏனென்றால் தயவின் ருசி நமக்குத் தெரியும். என் தோழி உறவுக்காரர் வீட்டு வாசலில் நின்றபோது ருசித்தது அதுதானே. காசு இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பதிலை எழுதத்தான் என்னைப் போன்றவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். தயவும் இல்லாமல் விலையும் இல்லாமல் ஒருவருக்கு வேண்டியது கிடைக்க வேண்டும். வீடும் வைத்தியமும் சோறும், கூனிக் குறுகாமல் கேட்டு வாங்குகிற உரிமையாக இருக்க வேண்டும். அப்படி ஒரு சமுதாயம் வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அது நாளைக்கே வந்துவிட்டால் அதில் வாழ என்னால் முடியுமா என்று அந்த ரயிலில்தான் முதன்முதலாகப் பயந்தேன். உரிமை கையில் இருந்தும் நான் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கினவள்.

அதன் பிறகு இரண்டு பக்கமும் செய்தி இல்லை. ஞாயிறுகளில் பாத்திக்குப் போய் வேலை இல்லாத இடத்தில் வேலை செய்தேன். கறிவேப்பிலை மரம் மக்சிக்கின் பாத்திக்குள் போயிருந்தது. ஒரு நாள் ரசம் வைக்க இறங்கினேன். மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு எதிர் புளோக்குக்குப் போய் அவர் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே குழந்தைகள் சத்தம். மக்சிக் கதவைத் திறந்து என்ன என்றார். கொஞ்சம் கறிவேப்பிலை வேண்டும் என்றேன். "இதுக்கா மாடி ஏறி வந்தீங்க? பறிச்சுக்க வேண்டியதுதானே" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "கேட்டுட்டுப் பறிக்கலாம்னு வந்தேன்" என்றேன். காது மடல் சூடாகிவிட்டது. அவர் சிரித்தார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை. நான் ரசம் வைத்து வழக்கம்போல் தனியாகச் சாப்பிட்டேன்.

வேலை நாள் ஒன்றில் மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கைபேசி அதிர்ந்தது. ஒருவருக்கு இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். என் தோழி வேலை நேரத்தில் அழைக்கிறவள் இல்லை. பதறிப்போய் எழுந்து மாடிப்படிப் பக்கம் ஓடினேன்.

"என்னடி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல." மறுபக்கம் தையல் இயந்திரச் சத்தம் இல்லை. "அடுத்த கண்ணுக்குத் தேதி குடுத்துட்டாங்க."

"சரி."

"அந்தப் பொண்ணை புக் பண்ணலாம்தான். நல்ல பொண்ணு." நிறுத்தினாள். "நீ லீவு போட முடியாதுன்னா பரவால்லலா. முடிஞ்சா... கூட வர்றியா?"

எங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"வர்றேன்" என்றேன்.

"உன்னக் கேக்கறதுக்கு எத்தனை நாளா போனை எடுத்து எடுத்து வெச்சேன் தெரியுமா?"

"தெரியும்டி" என்றேன்.